மொகஞ்சதாரோவிலிருந்து வந்த வடிகான்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில், வெள்ளவத்தையில் ஜெகதீஸ்வரியின் லொட்ஜுக்குப் பின்னால் மொகஞ்சதாரோவின் வடிகான் ஒன்று வந்து சேர்ந்தது. நீளம் எழுபத்திரண்டு அடி. சுட்ட செங்கல், மேலே கல் மூடி, இடையிடையே மண்டி தங்குவதற்கு மூன்று தொட்டிகள். அன்றைக்கு மருதானைக்குப் போகும் ரயில் இருபது நிமிடம் பிந்தியது. லேனில் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தார்கள்.

லொட்ஜில் பதினோரு அறை, முப்பத்துநான்கு பேர், இரண்டு கக்கூஸ். எல்லோரும் வடக்கிலிருந்து வந்து, கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரவேண்டிய ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தவர்கள். உரும்பிராயில் பிறந்த ஜெகதீஸ்வரியும் லண்டனில் உள்ள தமையனிடம் போகத்தான் கொழும்புக்கு வந்தவள். போகும்வரைக்கும் என்று தொடங்கிய லொட்ஜை ஏழு வருடமாக நடத்திக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. அந்த வருடம் மழை தொடங்கியதும் கக்கூசுக் குழி நிரம்பி முற்றத்துக்கு வந்துவிட்டது. மாநகரசபையின் பவுசர் வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போனால் மூன்றாம் நாள் திரும்பவும் நிரம்பியது. சுகாதாரப் பரிசோதகர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, பதினான்கு நாளில் ஒழுங்கான வடிகான் இல்லாவிட்டால் லொட்ஜைப் பூட்டிச் சீல் வைப்பதாகக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். அவர்மேல் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்த நாளில் கொழும்பில் ஒரு தமிழருக்கு மூக்கைவிட முகவரி முக்கியம். வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பொலிசில் பதிய வேண்டும், அந்தப் பதிவுத் துண்டில் இருந்தது லொட்ஜின் விலாசம். விலாசம் போனால் துண்டு செல்லாது. துண்டு செல்லாவிட்டால் அடுத்த சோதனையில் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். ஏழாம் அறைச் சிவக்கொழுந்து ரீச்சருக்கு இன்னொரு பயமும் இருந்தது: மூன்று வருடமாக எதிர்பார்த்த கனடாக் கடிதம் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அந்தக் கிழமை லொட்ஜில் ஒருவரும் வயிறு நிறையச் சாப்பிடவில்லை. பயம் ஒரு காரணம், கக்கூஸ் மற்றக் காரணம்.

பன்னிரண்டாம் நாள் கான் வந்தது. முற்றம் காய்ந்து கிடப்பதைக் கண்ட ஜெகதீஸ்வரி, லேன் முனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த மக்கீனைக் கூப்பிட்டாள். அவர் அளவு நாடாவோடு வந்து இருபது கல்லை அளந்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எந்தக் கல்லெ அளந்தாலும் ஒரே மாதிரி ஈக்கிது. கனம் ஒரு பங்கு, அகலம் ரெண்டு பங்கு, நீளம் நாலு பங்கு. நம்மட சூளையில ரெண்டு கல் ஒரே மாதிரி வந்து நான் கண்டதில்ல, தங்கச்சி."

சிவக்கொழுந்து ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது சிந்துவெளிக் கான் பிள்ளை. இருபத்தெட்டு வருஷம் சரித்திரம் படிப்பிச்சனான், எனக்குத் தெரியாதே? அங்க ராசாவின்ர அரண்மனை எண்டு ஒண்டும் இன்னும் தோண்டி எடுக்கேல்லை. எடுத்தது கிணறும் குளிக்கிற அறையும்தான். சின்ன வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் ஒரே கான்." சொந்த ஊரைப் பற்றிச் சொல்வதுபோல அவர் முகத்தில் பெருமை இருந்தது. ஊற்றிய தண்ணீர் சத்தமில்லாமல் போனது. எங்கே போகிறது என்று அறிய மக்கீன் ஒரு வாளி நீலம் கரைத்து ஊற்றிவிட்டு, ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரையில் பகல் முழுதும் நின்றார். நீலம் கடலுக்கு வரவேயில்லை.

கானோடு ஒரு மனிதரும் வந்திருந்தார். குட்டையான, தோள் அகன்ற மனிதர். இடது தோளில் பருத்தித் துண்டு. கழுத்தில் நூலில் கோத்த சதுரக் கல் முத்திரை. இரண்டாவது தொட்டியின் மூடியைத் தூக்கி மண்டி அள்ளிக்கொண்டிருந்தார். அவர் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்போது அந்த லொட்ஜார் செய்த பிழையை வேறெந்த ஊராரும் செய்திருக்க மாட்டார்கள்: எந்தக் காலத்தவர் என்று கேட்காமல், முதலில் தேநீர் கொடுத்து, அடுத்ததாகப் பொலிஸ் படிவத்தை நிரப்பினார்கள். பேச்சு விளங்காதபடியால் ஆள் மட்டக்களப்பு என்று யாழ்ப்பாணத்தார் எல்லோரும் ஏகமனதாக முடிவெடுத்தார்கள். 'கொழும்பு வந்த காரணம்' என்ற இடத்தில் ஜெகதீஸ்வரி வழக்கம்போல 'வெளிநாடு போக' என்று எழுதினாள். நிரந்தர முகவரிக்கு அவரிடமே தாளை நீட்ட, மீனும் சாடியுமாக ஐந்து குறிகள் கீறிக் கொடுத்தார். பொலிஸ் நிலையத்தில் இருந்தவர், மற்ற முப்பத்துநான்கு பேரின் தமிழைப் போலவே அதையும் வாசிக்க முடியாமல் பார்த்துவிட்டு, முத்திரை குத்தித் தந்தார்.

பதினான்காம் நாள் பரிசோதகர் வந்தார். கானின் நெடுகிலும் நடந்தார், மூடியைத் தூக்கினார், மணந்தும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

"ப்ளேன் எக்க கோ, நோனா?" என்று சிங்களத்தில் வரைபடத்தைக் கேட்டார்.

ஜெகதீஸ்வரி கையில் இருந்த தாளை நீட்டினாள். அதில் ரீச்சர் கீறிய வரைபடம் இருந்தது. ஆனால் இஞ்சினியரின் சீல் இல்லாத வரைபடம் வெறும் கடதாசி. மற்றவர்கள் எல்லோரும் யன்னல்களில் நின்று பார்த்தார்கள். மண்டி அள்ளிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவினார். ஒரு பிடி களிமண்ணை உருட்டித் தாளின் மூலையில் அப்பி, கழுத்திலிருந்த முத்திரையை அதில் அழுத்தினார். ஒற்றைக் கொம்பு மாடு, அதன் மேல் ஐந்து குறி. பரிசோதகர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருபது வருடம் கந்தோரில் கடதாசிகளோடு இருந்தவர். இவ்வளவு தெளிவாக விழுந்த சீலை அவர் கண்டதில்லை. "ஹரி ஷோக்" என்று சிங்களத்தில் மெச்சிக் கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு லேனில் எத்தனையோ தடவை வெள்ளம் நின்றது. லொட்ஜின் முற்றம் நனையவில்லை. சோதனைக்கு வந்தவர்கள் ஆட்களை எண்ணினார்கள். முப்பத்தைந்து சரியாக இருந்தது. தொண்ணூற்றெட்டில் ரீச்சரின் கடிதம் வந்தது. போகிற நாள், வான்காரன் ஹோர்ன் அடிக்க அடிக்க, அவர் கானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதார். "உங்கட ஊர் அழிஞ்சு போச்சுது எண்டெல்லோ இத்தனை வருஷமும் படிப்பிச்சனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். மனிதர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, ரீச்சரின் பெட்டியை வான்வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்.

பதிவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஜெகதீஸ்வரி அவருக்கு 'வெளிநாடு போக' என்ற வரியைத் தொட்டுக் காட்டி, கையை விமானம்போல உயர்த்துவாள். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு மண்வெட்டியோடு போய்விடுவார். நாலாவது முறைதான் அவளுக்கு விளங்கியது: அந்த லொட்ஜில் எங்கேயும் போக நினைக்காத ஆள் இவர் ஒருவர். அந்த வரியை வெட்டி 'கான் பார்க்க' என்று எழுதினாள். பிறகு தன்னுடைய படிவத்தை எடுத்தாள். அதிலும் இத்தனை வருடமாக 'வெளிநாடு போக' என்றுதான் இருந்தது. அதையும் வெட்டி 'லொட்ஜ் நடத்த' என்று எழுதி, நிரந்தர முகவரிக்கு அந்த லேனின் இலக்கத்தைப் போட்டாள். பொலிஸ் நிலையத்தில் இரண்டையும் வாசிக்காமல் முத்திரை குத்தினார்கள். அவள் திரும்பி வந்தபோது அவர் மூன்றாவது தொட்டியின் மூடியைத் தூக்கி வைத்திருந்தார். அன்று செவ்வாய்க்கிழமை, மண்டி அள்ளும் நாள்.