மன்னவனூர் வண்டியில் மாவு

போர்த்தியிருந்த கம்பளியை விலக்கி மூடியைத் திறந்தாள் லீலா. நேற்று மாலை கரைத்து வைத்த மட்டத்திலேயே கிடந்தது சாமை மாவு. விரலை விட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது, ஒரு குமிழிகூட இல்லை. கொடைக்கானல் மார்கழியில் அரிசி மாவுக்கே இரண்டு நாள் வேண்டும். தெரிந்தும் ஒரே ராத்திரியை நம்பிவிட்டாள். சாயங்காலம் நாலு மணிக்குத் தமயந்தியின் ஹோம்ஸ்டேக்கு நாற்பது இட்லி போக வேண்டும். விருந்தாளிகளுக்குப் பிடித்தால் சனிக்கிழமைதோறும் வேண்டும் என்றிருந்தாள் தமயந்தி. ஐம்பத்தாறு வயதில் லீலாவுக்கென்று வந்த முதல் வேலை.

"பொங்கலையா?"

பின்னால் அவள் கணவர் குமரகுரு. பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்த இரண்டு மாதத்தில் அடுக்களை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிவிட்டார். கடுகு எங்கே இருக்கிறதென்று அவரைக் கேட்க வேண்டியிருந்தது. இந்த மாவிலாவது அவர் கை படக் கூடாது என்று நினைத்திருந்தாள்.

"வெரசா கெளம்பு. ஆறரைக்கு மன்னவனூர் வண்டி. கோகுல்தான் டூட்டி."

"மாவு பொங்கலைன்னா ஊர் சுத்தவா போவாங்க?"

"என்ஜின் பானட்டு மேல வச்சா கதகதன்னு இருக்கும். போய்ட்டு வர அஞ்சு மணி நேரம். பொங்கிரும்."

முப்பது வருஷம் அவரை அவளிடமிருந்து கொண்டுபோன வண்டி. மகள் பிறந்த அன்றுகூட அவர் பூம்பாறை வளைவில்தான் இருந்தார். அந்த வண்டியிடமே போய் நிற்பதா? வேறு வழியும் தெரியவில்லை. தூக்குப் பாத்திரத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள்.

"வாங்க அண்ணி! மாவுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்றான் பஸ் படியில் நின்றிருந்த கண்டக்டர் கோகுல்.

"பொங்குனா எடுக்குறேன். இல்லைன்னா உங்க அண்ணன்கிட்ட வாங்கிக்க."

முன்சீட்டில் உட்கார்ந்து, பானட்டின் மேலிருந்த பாத்திரத்தின் மூடியில் கையை வைத்துக்கொண்டாள். மலைச்சரிவில் கேரட் வயல்களின் மேல் பனி விலகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் ஏதோ அசைவது தெரிந்து குனிந்து பார்த்தாள். குமரகுருவின் வலது கால், பிரேக்கே இல்லாத வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவர் பார்வை ரோட்டில் இருந்தது. கால் செய்வது அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கால் அசைவதைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறாள். இதைத்தான் தேடியதா அது?

மன்னவனூரில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது, பூம்பாறை தாண்டி, உள்ளங்கையில் மூடி மெல்ல முட்டியது. தூங்கும் குழந்தையின் வயிறு எழும்புகிற மாதிரி. உடனே சொல்லத் தோன்றவில்லை. இரண்டு வளைவுவரை தனக்கு மட்டுமாக வைத்திருந்தாள். பிறகு அவர் கையை எடுத்து மூடிமேல் வைத்தாள்.

"கோகுலு, மாவுக்கு ஒரு டிக்கெட்ரா!" என்று கத்தினார் குமரகுரு.

மூன்று மணிக்கு முதல் தட்டு வெந்தது. ஆவி ஜன்னல் கண்ணாடியை மூடியது. தண்ணீர் தெளித்துத் துணியை இழுத்தாள். துணியில் ஒட்டாமல் லேசான பழுப்பில் உப்பலாக வந்து விழுந்தன இட்லிகள். ஒன்றைப் பிட்டு அவரிடம் பாதி நீட்டினாள். ஊதி ஊதித் தின்றார்.

"சட்னிக்குத் தேங்காய் துருவட்டா?" என்று கேட்டார். கேட்டுத்தான் செய்தார்.

அடுத்த தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே, "வர்ற சனிக்கெழமையும் கோகுல்தானே டூட்டி?" என்றாள் லீலா.

அவர் தலைநிமிராமல் துருவிக்கொண்டிருந்தார். மேடைக்கடியில் அவருடைய வலது கால் மெல்ல ஒருமுறை தரையை அழுத்தியது.