பத்தாவது கேஸ்

பாதரசம் நாற்பத்தாறில் நின்றுவிட்டது. ஆதிமூலம் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் ரப்பர்ப் பையைச் சுருட்டி நூலால் கட்டி அவருடைய இடது கையில் கொடுத்திருந்தாள் தாஜ் நிஷா. வலது கையில் கொடுத்துப் பார்த்து ஆறு மாதமாகிவிட்டது. அது மடியில் சும்மா கிடந்தது. கட்டைவிரலை ஒட்டிய சதை மொத்தமும் வற்றி, தோலுக்கடியில் எலும்பு வரிசையாகத் தெரிந்தது.

"போதும்ணே, விடுங்க."

"இரும்மா. இன்னொரு வாட்டி. போன மாசம் எவ்ளோ வந்துது?"

"அம்பத்திரண்டு."

"அதுக்குக் கொறைய விட்ருவனா?"

இந்த முறை அவர் கையை மெதுவாகத் தொடைப் பக்கம் நகர்த்தி, முழங்காலை அண்டக் கொடுத்து நசுக்கினார். பாதரசம் விர்ரென்று அறுபதுக்கு ஏறியது. ஆதிமூலத்தின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. தாஜ் நிஷா கண்டும் காணாதவளாக நோட்டில் நாற்பத்தாறு என்று எழுதிக்கொண்டாள்.

நம்பர் ஏறினால் வியாதி இறங்குகிறது என்பது அவருடைய கணக்கு. குருவிநத்தத்தில் அந்தத் தெருவுக்கே அதுதான் கணக்கு. வில்லியனூரிலிருந்து பாய் வீட்டுப் பெண் மாதா மாதம் வந்து பம்ப்பு அமுக்க வைக்கிறாள், அதுதான் வைத்தியம். இது வெறும் அளவுதான், வைத்தியமில்லை என்று மூன்று வருஷமாக அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள். யாரும் நம்பவில்லை. அளந்து பார்த்துவிட்டுப் போகவா ஒருத்தி ரெண்டு பஸ் ஏறி வருவாள்?

பம்ப்பை வைத்தியமென்று நம்பாமல் இருந்தவள் தனக்கொடி ஒருத்திதான். அறுப்புக்குப் போயிருந்த ஆதிமூலத்தின் பெண்டாட்டி, சும்மாட்டைக் கழற்றிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். தாஜ் நிஷாவைப் பார்த்ததும் சும்மாட்டுத் துணியை உதறின உதறலில் தூசி அவள்மேல் பறந்தது.

"வந்துட்டியா? அமுக்கியாச்சா? எழுதிக்கினியா? கெளம்பு."

"அக்கா, நான் இன்னா பண்ணட்டும்…"

"நீ ஒண்ணியும் பண்ண வாணாம். பண்ற மாதிரி வராத, அது போதும்."

ஆதிமூலம் கரும்பு வெட்டுகிற ஆள். ஒருநாள் கத்தி கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. மறுநாளும் விழுந்தது. காலையிலேயே சாராயம் போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று மேஸ்திரி கூலியைப் பிடித்துக்கொண்டு விரட்டினான். அவர் வாயை மோந்து பார்த்தது தனக்கொடிதான். வாடை இல்லை. அதற்குப் பிறகு கோயில், மந்திரம், பாகூர் ஆஸ்பத்திரி என்று எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் தாஜ் நிஷா சைக்கிள் பம்ப்பு மாதிரி எதையோ தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

வில்லியனூர் கடைத்தெருவில், அரிசி மண்டிக்கு மாடியில் மூன்று அறை. ஏதோ ஒரு வெளிநாட்டு டிரஸ்ட் பணத்தில் நடக்கிற நரம்பு நோய் ஆய்வு நிலையம். நடத்துகிறவர் டாக்டர் உலகநாதன். கை சூம்பிப்போகிற ஆட்களை வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் தேடிக் கண்டுபிடித்து, மாதா மாதம் அளந்து எழுதுவது தாஜ் நிஷாவின் வேலை. பி.எஸ்ஸி. படித்தவள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஆர்டர். சம்பளம் கைக்கு வந்தால் வந்தது.

அன்று சாயங்காலம் உலகநாதன் அவள் நோட்டைப் புரட்டி, நாற்பத்தாறைப் பார்த்துத் தலையாட்டினார்.

"குட். நல்லா விழுது. தாஜ், நம்மகிட்ட சதை வெட்டி எடுத்த பயாப்ஸி ஒம்பது இருக்கு. டிரஸ்ட்காரன் பத்து கேக்கறான். மார்ச் முடியறதுக்குள்ள பத்து இல்லேன்னா அடுத்த அஞ்சு வருஷத்துக்குப் பணம் கிடையாது."

"ஒண்ணு கொறஞ்சா என்ன சார்?"

"கான்சரா இது, அள்ளிக் கொட்டறதுக்கு? கை சூம்பற இந்த வியாதியை ஏ.எல்.எஸ்.னு சொன்னா கமிட்டியில பாதிப் பேருக்கு அது என்னன்னே தெரியாது. உலகம் முழுக்க இதுக்குப் பணம் கொடுக்கறவன் நாலு பேர். அதுல ஒருத்தன் கதவைத் திறந்து வச்சிருக்கான். ஆதிமூலத்தைக் கூட்டிட்டு வா. இடது கை."

"அவரு இடது கையாலதான் சாப்பிடறாரு சார். வலது கை எடுத்துக்கலாமே?"

"செத்துப்போன சதையில பாக்க என்ன இருக்கு? பாதி உயிரோட இருக்கற சதைதான் வேணும். புளியங்கொட்டை அளவு. பத்து நாள்ல ஆறிடும்." அவர் நோட்டை மூடினார். "ரெண்டாம் கட்டம் வந்தா நீ ரிசர்ச் அசிஸ்டென்ட். எம்.எஸ்ஸி.க்கும் நானே பதிவு பண்ணித் தரேன். வரலைன்னா நானும் பெட்டியைக் கட்டணும், நீயும் கட்டணும்."

தாஜ் நிஷா பெட்டி கட்டினால் எங்கே போவாள் என்பது கடைத்தெருவுக்கே தெரியும். அவள் அத்தா அப்துல் கனி மளிகைக் கடையில் உட்கார்ந்தபடியே காரைக்கால் சம்பந்தக்காரர்களுக்கு மூன்று முறை தவணை சொல்லிவிட்டார். வேலை நிரந்தரமானால் படிப்பு, இல்லையென்றால் நிக்காஹ். அதற்குமேல் பேச்சில்லை. மாப்பிள்ளைக்கு அவள் படித்ததே பிடிக்கவில்லை என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தான்.

மறுநாளே அவள் மறுபடி குருவிநத்தத்துக்குப் போனாள். அறுப்பு வயலில் தனக்கொடி கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். வரப்பில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் கிட்டே வந்தாள். தாஜ் நிஷா சொன்னதையெல்லாம் அரிவாளைக் கால் விரலில் இடுக்கியபடி கேட்டாள்.

"அந்தக் கையாலதான் கிண்ணத்தத் தூக்கிக் குடிக்குது. நான் கஞ்சிய வச்சிட்டு வந்தா, அதுவே துன்னுட்டுக் குந்திங்கீது. அந்தக் கையையா வெட்டணுன்ற?"

"சின்னத் துண்டுதான்க்கா."

"செரி, வெட்டினா கை வருமா? அத்த மட்டும் சொல்லு. சுத்தி வளைக்காத."

பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். வராது என்று சொல்லியிருக்கலாம், அதுதான் நிஜம். தாஜ் நிஷாவுக்கு நாக்கு கூசியது. ஆனால் கூசின நாக்கே சொல்லிவிட்டது.

"வரும்க்கா."

அடுத்த வாரம் வில்லியனூர் மாடியில் இடது கை அறுவை அரை மணி நேரத்தில் முடிந்தது. தையல் போட்டுத் துணி சுற்றிய பிறகு உலகநாதன் மேஜைமேல் கறுப்புத் துணியை விரித்து, ஆதிமூலத்தின் வலது கையை அதில் மல்லாக்க வைத்து, கேமராவை எடுத்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பக்கத்துல ஒரு கை இருந்தாத்தான் வித்தியாசம் தெரியும். தாஜ், உன் கையை வை. வளையலைக் கழட்டிடு."

அவள் கழற்றிவிட்டு வைத்தாள். ஆதிமூலம் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்துவும் இப்டித்தாம்மா குண்டாருந்துது" என்றார், யாரோ நம்பமாட்டார்கள் என்பதுபோல.

பத்து நாளில் ஆறவில்லை. தையல் சீழ் பிடித்தது. ஆதிமூலம் பாகூருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடந்து போய்ப் புண்ணைக் கழுவிக்கொண்டு வந்தார். தாஜ் நிஷா களிம்பு வாங்கிக்கொண்டு போனபோது தனக்கொடி அதை வாங்கிக் குப்பையில் வீசினாள். புண் ஆறி முடிவதற்குள் இடது கையும் தோளிலிருந்து தொங்கிப்போய்விட்டது. அது நோயின் வேகம் என்றார் உலகநாதன். இருக்கலாம். கத்தியின் வேலையா நோயின் வேலையா என்று தாஜ் நிஷாவுக்குத் தெரியவில்லை. தனக்கொடிக்குச் சந்தேகமே இல்லை.

ஏப்ரல் கடைசியில் டிரஸ்டிடமிருந்து கடிதம் வந்தது. ஐந்து வருஷத்துக்குப் பணம். உலகநாதன் ஜாங்கிரி வாங்கி வைத்திருந்தார். கூடவே அவருக்கு வெளிநாட்டில் இரண்டு வருஷ ஃபெல்லோஷிப். இரண்டாம் கட்டம் மதராஸில் நடக்கும். மாடி அறைகளைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது.

"அப்ப நான் சார்?"

"அப்ளை பண்ணு. ஆனா அங்க எம்.எஸ்ஸி. ஃபர்ஸ்ட் கிளாஸ் கேக்கறாங்க."

"நீங்கதான பதிவு பண்ணித் தரேன்னீங்க?"

"சொன்னேன். ஸ்கீம் இங்கயே இருந்திருந்தா பண்ணியிருப்பேன்." அவர் ஒரு உறையை நீட்டினார். நேர்மையானவள், உழைப்பாளி என்று ஆங்கிலத்தில் ஒரு சர்டிஃபிகேட். கூடவே டிரஸ்டுக்கு அனுப்பிய அறிக்கை, பளபளவென்று அச்சடித்தது. "ஞாபகார்த்தமா வச்சுக்கோ."

"ஆதிமூலத்த யாரு சார் இனிமே பாப்பாங்க?"

"பத்தும் முடிஞ்சுது. கேஸ் க்ளோஸ்ட்."

"புளியங்கொட்டை அளவு, பத்து நாள்ல ஆறிடும்னு சொன்னீங்களே சார்!" அவள் குரல் உடைந்து கத்தலாக வந்தது. கீழே மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உலகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜாங்கிரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தொடவில்லை.

சொர்ணவாரி நடவு தொடங்கியிருந்தது. யாரும் அனுப்பாமல், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து தாஜ் நிஷா குருவிநத்தத்துக்குப் போனாள். போய் என்ன சொல்வது என்று கரிக்கலாம்பாக்கம் தாண்டும் வரை யோசித்தாள், ஒன்றும் தோன்றவில்லை. ஆதிமூலம் பூவரச மரத்தடியில் கட்டிலில் மரத்தோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தார். இரண்டு கைகளும் பக்கத்துக்கு ஒன்றாகக் கிடந்தன. கிண்ணத்தில் கஞ்சியும் ஒரு துண்டுக் கருவாடும் ஈ மொய்க்காமல் தட்டால் மூடியிருந்தது. முழங்கால் வரை சேற்றோடு தனக்கொடி வயலிலிருந்து அப்போதுதான் ஓடி வந்திருந்தாள். ஊட்டிவிட்டுத் திரும்ப ஓட வேண்டும்.

"எதுக்கு வந்த? இன்னும் எங்க வெட்டணும்?"

"அக்கா, ஸ்கீம் மூடிட்டாங்க. டாக்டர் வெளிநாட்டுக்குப் போறாரு. எனக்கும் வேல போயிடுச்சி. கை வரும்னு நான் சொன்னது பொய்க்கா. எனக்கு அப்பவே தெரியும். அத்தச் சொல்லத்தான் வந்தேன்."

தனக்கொடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அடிப்பாள் என்றுதான் தாஜ் நிஷா நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"கையில இன்னா பொஸ்தகம்?"

அவள் கொடுத்தாள். தனக்கொடி சேற்று விரலால் அட்டையைப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே கறுப்புத் துணிமேல் இரண்டு கைகள்.

"இது அதோட கை" என்றாள் உடனே. "இது யாருது?"

"என்னுது."

"கீழ இன்னா எழுதிகீது?"

தாஜ் நிஷா ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொன்னாள். "இடது பக்கம், பத்தாவது கேஸ். வலது பக்கம்… நல்ல கை."

"பேரு?"

"ரெண்டு பேருதும் போடல."

தனக்கொடி புத்தகத்தைக் கட்டில் கீழே போட்டாள். வரப்பில் மேஸ்திரி கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துத் தாஜ் நிஷாவின் கையில் திணித்தாள்.

"நல்ல கைன்னு எழுதிகீறான் இல்ல? குந்து. ஊட்டு. பொறை ஏறாம பாத்து ஊட்டு. எனக்கு நடவு கீது."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

தாஜ் நிஷா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டு, கருவாட்டைப் பிய்த்து முள் பார்த்து, கஞ்சிச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தாள். முதல் வாய் உள்ளே போக வெகு நேரமானது. ஆதிமூலம் மென்றார், நிறுத்தினார், கண்ணை மூடிக் கஷ்டப்பட்டு விழுங்கினார். பிறகு அவளுடைய பையை எட்டிப் பார்த்தார்.

"பம்ப்பு கொண்ணாரலியாம்மா?"

"இல்லண்ணே."

"அடுத்த மாசம் கொண்ணா. இப்ப ரெண்டு கையும் ஓய்வாத்தான கீது. ஏத்திக் காட்டறேன் பாரு."

அவள் அடுத்த வாயை உருட்டினாள். அவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.