பன்னிரண்டு நிமிஷ ஜெர்மன்காரர்

ஜெர்மன்காரர் செத்துப்போனது ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலில். ஆவடியில் அவருக்குத் துக்கம் விசாரிக்க ஆள் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கலியமூர்த்தி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது.

கலியமூர்த்திக்கு ஐம்பத்திரண்டு வயது. கோவில்பதாகையில் ஒற்றை அறை. பேச்சுத்துணை என்று பார்த்தால் பம்ப் ஸ்டவ். அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு ஜெர்மன் மெஷின்களோடு வரும் புத்தகங்களை மொழிபெயர்ப்பது வேலை. 'இந்தத் திருகை இடப்பக்கம் திருப்பாதே' என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தின வருஷம், அங்கே பழைய புத்தகக் குவியலில் யூலியஸ் ப்ராண்ட்னரின் வாழ்க்கைக் கதை அகப்பட்டது. எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், பதினோரு மொழி தெரிந்தவர், கால் வைக்காத துறைமுகம் இல்லை. அரக்கோணத்தைத் தாண்டாத கலியமூர்த்தி அவரைத் தமிழுக்குக் கூட்டிவர உட்கார்ந்தார். கேட்கத்தான் ஆளில்லை.

ஆவடியில் ஏழு நாற்பது லோக்கல். அம்பத்தூருக்குப் பன்னிரண்டு நிமிஷம். எதிர் சீட்டில் லேத் பட்டறைத் துலுக்கானமும் தையற்காரர் அப்துல் கையூமும் உட்காருவார்கள். ஒருநாள் கலியமூர்த்தி, முந்தின நாள் எழுதின பக்கத்தின் சூடு ஆறாமல், "நம்ம ஜெர்மன்காரர் கெய்ரோவுல காய்ச்சலா படுத்துட்டார்" என்று உளறிவிட்டார்.

மறுநாள் கையூம், "உங்க சிநேகிதருக்கு எப்படி இருக்கு சார்? லெட்டர் வந்துச்சா? நான் துவா பண்ணேன்" என்றார்.

அந்த மனுஷன் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கலியமூர்த்தியைச் சேர்ந்த ஒருத்தரை யாராவது நலம் விசாரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"வந்துச்சு பாய். கஞ்சி குடிக்கிறாராம்."

அந்தக் கஞ்சியில் மூன்று வருஷம் ஓடியது. பிரேசிலைக் கடக்கவே இரண்டு மாசம் பிடித்தது. தினம் பன்னிரண்டு நிமிஷத்தில் எவ்வளவு தூரம்தான் போக முடியும்? கப்பல் புயலில் மாட்டியபோது துலுக்கானம் அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றினார். "இந்தக் காலத்துல ஒட்டகத்து மேல போய்கினு கீறாரே, ப்ளேனு இல்லியா சார்?" என்று ஒருதரம் மடக்கினார். அவருக்கு ப்ளேன் ஒத்துக்காது என்று கலியமூர்த்தி சமாளித்தார்.

கடைசி அத்தியாயத்தை இரண்டு மாசம் தொடவே இல்லை. ஜெர்மன்காரர் போய்விட்டால் அப்புறம் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் ஒரு திங்கட்கிழமை சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. "போயிட்டார் பாய்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், அதில் நடிப்பு இல்லை. மறுநாளிலிருந்து லீவு போட்டுவிட்டு அறையிலேயே கிடந்தார்.

இப்போது வாசலில் துலுக்கானம், கையில் ரோஜா மாலை. பின்னால் கையூம், டிபன் கேரியரோடு.

"சாவு ஊட்ல அடுப்பு எரியாதுன்னு பாய் இட்லி கொண்டாந்தாரு" என்ற துலுக்கானத்தின் மூக்கு விடைத்தது. "நீ இன்னா சார், அப்பளம் பொரிச்சிகினு கீறே?"

இதற்குமேல் பொய் சொல்லக் கலியமூர்த்தியிடம் சரக்கு இல்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டவ் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"நூத்திப் பதினாலு வருஷம்" என்றார் கையூம், மெதுவாக. "அப்ப நான் பண்ண துவா?"

"கற்பூரம் ஏத்தினேனே சார்! நல்லா கேணையாக்கிட்டே." துலுக்கானம் மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு, "அந்தாளு சாவுக்கு எத்தினி பேரு வந்தாங்க?"

"ரெண்டு பேர். வாடகை வீட்டுக்கார அம்மா. அப்புறம் தபால் கொடுக்க வந்த ஆள் ஒருத்தர்."

துலுக்கானம் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "இதைத் திருப்பி ஊட்டுக்கு எடுத்துகினு போவ முடியாது" என்று முனகி, மேஜை மேலிருந்த கையெழுத்துக் கட்டின் மேல் போட்டார். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார்கள்.

துக்க வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்வதில்லை. அதனால் சொல்லவில்லையா, இனி வரப்போவதே இல்லை என்பதால் சொல்லவில்லையா? கலியமூர்த்தி வாசலிலேயே நின்றார். பதினோரு மொழிக்காரர் இருந்திருந்தால் அந்த மௌனத்தை மொழிபெயர்த்திருப்பாரோ என்னவோ.

திங்கட்கிழமை, கழுவின கேரியரோடு ஸ்டேஷனுக்குப் போனார். வேறு பெட்டியில் ஏறிவிடலாம் என்று நாலு அடி நடந்தும் பார்த்தார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் எப்படி?

அவருடைய ஜன்னல் சீட்டில் துலுக்கானத்தின் துண்டு கிடந்தது. துலுக்கானம் அதை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தை மட்டும் திருப்பவில்லை. அண்ணனூரில் கலியமூர்த்தி கேரியரை நீட்டினார். கையூம் கேரியரைத் திறந்தார். வெறும் பாத்திரமாகத் தரக்கூடாதென்று உள்ளே நாலு அப்பளம் வைத்திருந்தார் கலியமூர்த்தி. கையூம் ஒன்றை உடைத்துப் பாதியைத் துலுக்கானத்திடம் நீட்டினார்.

திருமுல்லைவாயில் போயிற்று. துலுக்கானம் மென்றுகொண்டே கேட்டார்: "அந்தாளு மொத மொதல்ல ஊட்ட உட்டு கெளம்பினாரே, அப்போ வழியனுப்ப ஆராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலை."

"சொல்லு."

அம்பத்தூருக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.