றகரத்தில் நிற்கும் பேருந்து

1

இந்தக் கதை ஓர் எழுத்துப்பிழையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிரதேச மலருக்கு ‘எமது நிலமும் மக்களும்’ என்றொரு கட்டுரை கேட்டார்கள். நானோ மேடைக்காரன், துண்டுப்பிரசுரங்களில் எழுத்துக்கூட்டிப் படித்தவன். ஆகவே இப்படித் தொடங்கினேன்:

‘பெரியோர்களே, தாய்மார்களே! ஒருபுறம் கடலும் மறுபுறம் குளங்களுமாக, உப்பும் நெல்லும் ஒரே காற்றில் மணக்கும் இம்மன்னார் மண்ணிலே, பிரிவினை என்னும் பேயை விரட்டி...’

(கைதட்டலுக்கு இடம் விட்டேன். தாள் கைதட்டவில்லை. அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும்.)

2

மீண்டும் தொடங்குகிறேன். உயிலங்குளத்தைத் தாண்டி முருங்கனை நோக்கிச் செல்லும் வீதியில், இடப்புற வயல்களுக்குள் நாவற்கண்டல், வலப்புறம் மரைக்கார்வெளி.* முன்னதில் சைவ உழவர்கள். பின்னதில் முஸ்லிம் குடும்பங்கள்: உழுவோரும் உண்டு, கரையோரம் சென்று மீன் வாங்கிவந்து விற்போரும் உண்டு. போர் இரண்டு ஊர்களையும் வெவ்வேறு ஆண்டுகளில் துரத்தியது; வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பி வந்தார்கள். இன்று ஒரே குளத்து நீரைப் பாய்ச்சுகிறார்கள். ஒரே பேருந்துக்குக் கைகாட்டுகிறார்கள். பேருந்து நிற்பதில்லை.

ஏனெனில், புதிதாகக் கட்டிய பேருந்துத் தரிப்பிடத்துக்குப் பெயர் இல்லை. பெயரற்ற இடத்தை நேர அட்டவணையில் சேர்க்க முடியாது என்றது போக்குவரத்துக் கந்தோர். இரண்டு ஊர்களும் தத்தம் பெயரையே எழுதக் கோரின. பலகை வெறுமையாகத் தொங்கியது.

நாவற்கண்டல் சிவலட்சுமியின் மகள் சுபத்திராவுக்கு ஏழாம் மாதம். முருங்கன் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குச் சென்று திரும்பும்போதெல்லாம், அவள் வீட்டைக் கடந்து அடுத்த தரிப்பிடம்வரை போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடக்கிறாள். அவள் தன் ஊர் வாசலிலேயே இறங்கவேண்டும். இந்தக் கதைக்கு வேறு இலட்சியம் கிடையாது.

(* வரைபடத்தில் இவ்வூர்களைத் தேடாதீர்கள். நான் குடியேற்றியவை. காணி உறுதி என்னிடம் இருக்கிறது.)

3

சிவலட்சுமியை முதலில் பொங்கியெழும் பெண்ணாக எழுதினேன். இரண்டு பக்கம் முழங்கினாள். படித்துப் பார்த்தால் குரல் என்னுடையது. சேலை மட்டுமே அவளுடையது. கிழித்தெறிந்தேன். உண்மையில் அவள் மாதர் சங்கத் தலைவி. வாதாட வருபவர்களின் கையில் முதலில் வடையைக் கொடுத்து உட்கார வைப்பவள்.

தரிப்பிடத்திலேயே கூட்டம். மரைக்கார்வெளியின் சார்பில் மீன் வியாபாரம் செய்யும் ஸீனத் வந்திருந்தாள். நடுவராக என்னை அழைத்தார்கள். (ஆசிரியன் தன் கதைக்குள் நுழையக்கூடாதென்று எங்கே சட்டம் இருக்கிறது?) நான் எழுந்து, ‘சமத்துவச் சந்தி’ என்று முன்மொழிந்தேன்.

“ஐயா, அது வாய்க்குள்ள நிக்காது,” என்றாள் ஸீனத். “மீன்பெட்டியோட ஏறி, ‘தம்பி, சமத்துவச் சந்திக்கு ஒரு டிக்கட்’ எண்டு சொல்லி முடிக்க பஸ் முருங்கனுக்குப் போயிடும்.”

“எங்கட ஊர்ப் பேரைப் போடுவம்,” என்றாள் சிவலட்சுமி. “குளம் எங்கட பக்கமெல்லோ.”

“மதகு எங்கட பக்கம் அக்கா. அந்த வடைத் தட்டை இஞ்சால தள்ளுங்கோ.”

4

அவ்வேளை முருங்கனிலிருந்து பேருந்து வந்தது.

“இறக்கம்! இறக்கம்!”

உள்ளேயிருந்து சுபத்திராவின் குரல். எங்கள் பேருந்துகளில் இறங்கவேண்டியவர் எழுப்பும் ஒற்றைச் சொல் அது. நடத்துநர் றொசாந்தன் மிதிபலகையில் தொங்கியபடி கத்தினான்: “எந்த இறக்கம்? பேரைச் சொல்லுங்கோ! பேரில்லாத இடத்தில நிப்பாட்டினா என்ர வேலை போயிடும்!”

கூட்டம் முழுவதும் எழுந்து இரண்டு பெயர்களையும் ஒருசேர முழங்கியது. அவன் காதைப் பொத்திக்கொண்டான். பேருந்து போயிற்று.

சுபத்திரா திரும்பி நடந்து வந்தாள். வியர்வையைத் துடைத்து, ஒரு வடையைத் தின்று முடித்த பிறகே வாய் திறந்தாள்.

“அம்மா, நான் உங்கட ஊரையும் கேட்கேல்ல, ஸீனத் அன்ரியின்ர ஊரையும் கேட்கேல்ல. இறக்கம் எண்டு மட்டும்தான் கத்தினனான்.”

ஸீனத் சிரிக்கத் தொடங்கினாள். “அல்லாஹ்வே! அதையே எழுதுவமே. ரெண்டு ஊரும் ஒவ்வொரு நாளும் சொல்லுற பேரெல்லோ!”

“இறக்கம்,” என்று சிவலட்சுமி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். “ஓம், வாய்க்குள்ள நிக்குது.”

“ஐயாவுக்குத்தான் கஷ்டம். மேடையில ஏறினா அவருக்கு இறக்கமே இல்லை,” என்றாள் ஸீனத்.

தகரக்கூரை அதிரச் சிரித்தார்கள், நானும்தான். தீர்மானம் நிறைவேறியது. வியப்பு என்னவெனில், கந்தோரும் அதை ஏற்றுக்கொண்டது.

5

வள்ளங்களுக்குப் பெயர் எழுதும் ஜுனைட், ஸீனத்தின் தம்பி, திறப்பு விழாவன்று காலையில் பலகையை எழுதினான். முன்னே தொங்கவிட்டிருந்த சீலையை விலக்கினோம். சிவப்பில், கொழுத்த எழுத்தில்:

இரக்கம்.

ஒற்றெழுத்துக்காக அச்சகத்தாரோடு போர் தொடுத்தவன் நான். விடுவேனா? “தம்பி, இறங்கிறதுக்கு வல்லின றகரம்! நீர் எழுதியிருக்கிறது கருணையெல்லோ!”

“சத்தம் ஒண்டுதானே ஐயா. காதுக்கு ஆர் சோதினை வைக்கிறது?”

அதற்குள் பேருந்து. “இறக்கம்!” என்றாள் சுபத்திரா, உள்ளேயிருந்து. நின்றது. எழுதுகிறேன், மகிழ்ச்சியோடு இன்னொரு முறை எழுதுகிறேன்: பேருந்து நின்றது. அவள் வயிற்றைத் தாங்கியபடி நேரே நிழலுக்குள் இறங்கினாள். றொசாந்தன் பலகையை அண்ணாந்து படித்தான்.

“இரக்கமோ? அப்ப எங்களுக்கும் வடை தாங்கோவன்.”

சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். சிவலட்சுமியின் வடைத் தட்டு பேருந்துக்குள் ஏறியது.

6

முடிவு ஒன்று: ரகரத்தை றகரமாகத் திருத்தினேன். இலக்கணம் தலைநிமிர்ந்தது, ஆனால்...

முடிவு இரண்டு: அப்படியே விட்டேன். மேடைமேடையாக நான் கேட்டும் கிடைக்காத ஒரு சொல், வீதியோரத்தில், யாரும் முழங்காமலே...

(பாருங்கள், மீண்டும் மேடை ஏறிவிட்டேன். இறங்குகிறேன்.)

ஜுனைட் தூரிகையை என்னிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறான். சிவப்பு இன்னும் காயவில்லை. வாசகரே, தூரிகையை உங்கள் கையில் தருகிறேன். எந்த எழுத்தென்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் விரைவாக; அந்த வீதியால் நீங்களும் ஒருநாள் வருவீர்கள், உரக்கச் சொல்லவேண்டியிருக்கும். றொசாந்தன் எழுத்துக் கேட்கமாட்டான். பேருந்து நிற்கும்.