நாமும் நாங்களும்

வாபனோக்வே மேப்பிள் மரத்தில் சாறு வடியக் குழலை அடித்து இறக்கி, கீழே மரப்பட்டைத் தொன்னையை வைத்தபோது கோடாரியோடு வெள்ளைக்காரன் ஒருவன் வந்து நின்றான். போன வசந்தத்தில் இங்கே வேலி கிடையாது. இப்போது பிளந்த கட்டைகளால் புத்தம்புது வேலி. அதைத் தாண்டித்தான் அவளும் மகள்களும் தம்பி ஷாவனும் சாறு காய்ச்சும் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"தம்பி, நீ பேசு," என்றாள். "காடு பொதுன்னு அன்னிக்குப் பேசினத எடுத்துச் சொல்லு. பாவம், கப்பல்ல புதுசா வந்து எறங்கினவன். தெரியாம வேலி போட்டிருப்பான்."

அந்தப் 'பாவம்' ஷாவனுக்குச் சுருக்கென்றது.

அன்றைக்குப் பேசியவன் அவன்தான். ஆற்றங்கரையில் அவன் இனத்தாரான சிப்பேவாக்கள் ஒருபுறமும் இங்கிலாந்து ராஜாவின் அதிகாரி மறுபுறமும் உட்கார்ந்திருக்க, நடுவில் துபாஷியாக இவன். ஆறு தொடங்கி ஏரி வரைக்கும் இனி இந்த நிலத்தை வைத்துக்கொள்வோம் என்றார் அதிகாரி. இங்கிலீஷில் நாம் என்றாலும் நாங்கள் என்றாலும் 'வீ' என்ற ஒரே சொல். ஷாவனின் தாய்மொழியில் இரண்டு. "நாம வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டான். வாய் தவறித்தான் வந்தது, அது சத்தியம். ஆனால் திருத்த நேரம் இருந்தது. இரண்டு நாளாக முறைத்துக்கொண்டிருந்த பெரியவர்களின் முகம் அந்த ஒரு சொல்லில் இளகிவிட்டது. கூட்டம் கலைந்தால் அதிகாரி தன்மேல்தான் பாய்வார் என்ற பயமும் இருந்தது. அக்காள் புருஷன் எழுந்துபோய், சிரித்துக்கொண்டே, காகிதத்தில் கையெழுத்தாகத் தன் குலத்தின் அடையாளமான நாரையை வரைந்தான். அவனும் இப்போது இல்லை. ஷாவன் அந்த நாரையை நினைக்காத நாள் இல்லை.

"இவங்க வருஷா வருஷம் சாறு எறக்குற எடம் இது," என்றான் வந்தவனிடம் இங்கிலீஷில். பொது என்ற வார்த்தையை விழுங்கிவிட்டான்.

அவன் ஒன்றும் கெட்டவனாகத் தெரியவில்லை. கோடாரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினான். "ராஜாகிட்ட நீங்க எழுதிக் குடுத்த நெலம், எனக்கு வந்திருக்கு. இனிமே இத நாங்க வச்சுக்குவோம். சாறும் நாங்களே எறக்கிக்குவோம். என் பொண்டாட்டி கத்துக்கிட்டிருக்கா."

"என்ன சொல்றான்?"

ஷாவன் அக்காள் பக்கம் திரும்பினான். "நாங்க வச்சுக்குவோம்ங்கறான்."

அவள் தொன்னையிலிருந்து தலையைத் தூக்கினாள். "வீன்னான். காதுல விழுந்துச்சு. அன்னிக்கு அந்த அதிகாரியும் அதே வீதான் சொன்னான். அதுக்கு நீ நாமன்னே."

"அவங்க பேச்சுல ரெண்டுக்கும் அது ஒண்ணுதான்க்கா."

"அப்ப எதுன்னு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியும்."

"அன்னிக்குப் பாத்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், சின்ன வயதிலிருந்து அவன் சொன்ன எதைத்தான் அவள் நம்பவில்லை.

"பாத்தேன்க்கா."

அவள் குழலைப் பிடுங்கி மடியில் செருகினாள். தொன்னைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். வெள்ளைக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன சொல்றா?" என்று கேட்டான்.

"எங்கக்கா போகலாம் நாம?" என்றான் ஷாவன் மெதுவாக.

"நாங்க வேற எடம் பாத்துக்கறோம்," என்றாள் வாபனோக்வே.

அவன் குனிந்து கொப்பரையின் ஒரு பக்கக் காதைப் பிடித்தான். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த மூத்த மகளைக் கூப்பிட்டாள். பெண்ணின் கை எட்டவில்லை. கொப்பரை சாய்ந்து சாய்ந்து, பனியில் கோடு கிழித்தபடி வேலியை நோக்கிப் போயிற்று.