குளவிக்கூட்டு மூலை

பெண் பார்க்க வந்த அன்றே, "தோட்டத்துல கருவாடுதானே கெடைக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார் கடலோர ஊரான ஜெராமின் மீன் வியாபாரி சேது, மாப்பிள்ளையின் அப்பா. சொன்னவர் மறந்திருப்பார். கேட்ட அமராவதிக்குச் சோறு இறங்கவில்லை. மகள் கங்காவின் நிச்சயதார்த்தத்துக்குத் தன் குளத்துக் கெண்டையைத்தான் குழம்பு வைப்பேன் என்று தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயம் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

குளம் என்றால் லயத்துக்குப் பின்னால் தேங்கிய பள்ளம்தான். மேலே ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. அதன் வேர்களுக்குள் ஒளிந்துதான் அவள் விட்ட குஞ்சுகள் கொக்குக்குத் தப்பி வளர்ந்திருந்தன.

கணவன் அழகேசனுக்கு அது கண்ணை உறுத்தியது. "வர்றவங்க காடுன்னு நெனைப்பாங்கடி" என்றான். தோட்டத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டில் களை வெட்டுகிறவன் அவன். வெட்டிய களையை மரத்தடியிலேயே போட்டால் உரம் என்பது அங்கே பால பாடம். அதே கணக்கில், அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்துச் செடிகளை வெட்டிக் குளத்துக்குள்ளேயே அமுக்கிவிட்டான். குளவிக்கூடு தொங்கிய மூலையை மட்டும் தொடவில்லை. மனிதன் அவ்வளவு தைரியசாலி.

"மீனுக்கு உரம்டி!" என்று வேறு பெருமையடித்துக்கொண்டான்.

செடிகள் அழுகின, தண்ணீர் கறுத்து நாறியது. அமராவதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலை வைத்தால் குளத்துக்கு ஓடினாள், குளத்துக்குப் போனால் அடுப்பு நினைப்பு வந்தது.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. சில ஏற்கெனவே வயிறு வெளுத்து மிதந்தன.

"மூச்சு முட்டுதுங்க அதுகளுக்கு!" என்று அலறி, புதுச் சேலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அழுகலை வாரி வாரிக் கரையில் எறிந்தாள். அழகேசனும் வாயை மூடிக்கொண்டு இறங்கினான். அந்தக் கோலத்தில்தான் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

சேது எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "செடி அழுகுனா தண்ணியில இருக்கற காத்தெல்லாம் போயிடும்" என்றபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

வெயில் ஏறியதும் அவர்தான் குளவி மூலையைக் காட்டினார். மிச்ச ஆகாயத்தாமரைக்கு நடுவே, தண்ணீருக்குள் பச்சைப் பாசி பொடிப்பொடியாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. உயிர் தப்பிய கெண்டைகளெல்லாம் அங்கே முட்டிமோதி நின்றன.

"பாசி மூச்சு விடுது, அதுகளும் விடுது. வேன்ல வலை இருக்கு சம்பந்தி. ஒரே வீச்சுல அம்புட்டும் வந்துரும். விருந்து ஜோரா நடக்கும்."

அவள் லயத்துக்கெல்லாம் கொடுத்த வாக்கு கைக்கெட்டும் தூரத்தில் துடுப்பசைத்தது. அமராவதி அந்த மூலையையே பார்த்தாள். இப்போதுதான் அதுகளுக்கு மூச்சு திரும்பியிருந்தது.

"வேணாம்ண்ணே" என்று சொல்லிவிட்டு, வேறு யாரும் எதுவும் சொல்வதற்குள் கரையேறினாள்.

மத்தியானம் பந்தியில் சேதுவின் இலையில் அவளே குழம்பை ஊற்றினாள். கையில் இன்னும் அழுகல் நாற்றம் போகவில்லை. அவர் இலையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"தோட்டத்துல கருவாடுதானேண்ணே கெடைக்கும்" என்றாள் அமராவதி.

சேது தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். அவர் நிமிர்வதற்குள் அவள் வாளியைக் கங்காவிடம் கொடுத்துவிட்டு மறுபடி குளத்துக்கு ஓடியிருந்தாள்.