இருளப்பனுக்குச் சொன்ன பதில்

தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பெட்டியைத் திறந்த புவனேஸ் கையை விட்டுத் துழாவினாள். ஒரே நாவலின் நாற்பது பிரதிகள் இருக்க வேண்டிய பெட்டியில் இரண்டே இரண்டு கிடந்தன.

"வேலம்மாக்கா, மீதிப் புஸ்தகமெல்லாம் எங்க?"

தோட்டத்துக் கோயில் கமிட்டியில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற வேலம்மா, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, "வீட்டுக்கு ஒன்னா குடுத்துட்டேன் தங்கச்சி" என்றாள் பெருமையாக.

"குடுத்துட்டீங்களா!"

"பின்ன? யுனிவர்சிட்டி பிள்ளைங்க பெட்டி அனுப்பினா இனாமாக் குடுக்கிற ஹெம்பர்தானே? போன தீபாவளிக்கு வந்த பசங்க அரிசி, மைலோ, பிஸ்கட்டு குடுத்தாங்க. இந்தத் தடவ வெறும் புஸ்தகமான்னு நாலு பேரு மொணமொணன்னாங்க. குடுக்கிறத வாங்கிக்குங்க லான்னு நான்தான் அதட்டினேன்."

பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புவனேசுக்குச் சிரிப்பு வரவில்லை. கோலாலம்பூரில் காய்கறியை இறக்கிவிட்டு காலியாக மலையேறும் லோரியில், மாணவர்களுக்குக் கொடுக்க ஒரு வாரத்துக்கு முன்பே அவள் அனுப்பிவைத்த பெட்டி அது. இன்று மாலை நாலு மணிக்கு இதே மண்டபத்தில் அந்த நாவலைப் பற்றிக் கலந்துரையாடல். தோட்டத்து மக்களையும் அழைத்திருந்தார்கள்.

பல்கலைக்கழகத் தமிழ் வாசகர் வட்டத்தின் செயலாளர் புவனேஸ். மூன்றாம் ஆண்டு. வட்டத்தின் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தாலே பெரிய விஷயம். இந்த முறை நாற்பது பேர் சேராவிட்டால் வட்டத்தை மூடிவிட்டு, அதன் கூட்ட நாளை நடன இரவுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மாணவர் விவகார அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். வழி கண்டுபிடித்தவன் தலைவன் டொமினிக். "கேமரன் மலையில வாசகர் முகாம், ஹோஸ்டல்ல இடம் கிடைக்க மெரிட் புள்ளி உண்டுன்னு போடு. பறந்து வருவானுங்க." இரண்டே மணி நேரத்தில் நாற்பது பேர் சேர்ந்தார்கள். பேருந்துப் படியில் இறங்கும்போதே கைப்பேசியால் வருகையும் பதிந்துவிட்டார்கள்.

மாணவர்களில் யாரும் நாவலைப் படிக்கவில்லை. புவனேசும்தான். சுவரொட்டி, பேருந்து, சாப்பாடு என்று அலைந்ததில் நேரம் போனது. கைப்பேசியிடம் கேட்டு அரைப் பக்கச் சுருக்கம் வாங்கி எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். பாதிப் பேர் அதையும் திறக்கவில்லை.

"டென்ஷன் ஆகாத லா" என்றான் டொமினிக். "நான் இவனுங்கள கியா பார்முக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்ட்ராபெரி காட்டிட்டு வரேன். நீ அதுக்குள்ள புஸ்தகத்த வாங்கி வை."

புவனேஸ் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் நாவலுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள். ஒரு வீட்டில் அது அடுப்பு மேடையில், மசாலாக் கறையோடு பாதியில் விரிந்து கிடந்தது. வேலம்மா தன்னுடையதைத் தரவே மறுத்துவிட்டாள். "இன்னும் இருபது பக்கம் இருக்கு. முடிச்சாத்தான் குடுப்பேன்."

கடைசி வீட்டு வாசலில், கொழுந்து ஏற்றும் லோரியின் பக்கத்தில், இருளப்பன் நின்றிருந்தார். லோரி ஓட்டுநர், நாற்பத்தைந்து வயதிருக்கும். சனிக்கிழமை வேலை நாள். ஆனாலும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"நீங்கதான் அந்த யுனிவர்சிட்டியா தங்கச்சி? நாலு நாளா உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்."

"என்னையா?"

"கொழுந்து ஏத்துற நேரத்துல லோரியிலயே உக்காந்து படிச்சு முடிச்சிட்டேன். யார்கிட்டயாவது பேசணும்போல இருக்கு. வீட்டுல சொன்னா, டிவில வருமான்னு கேக்குறா." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த அண்ணங்காரன் கடைசியில தம்பி வீட்டு வாசல் வரைக்கும் போறான்ல? அதோட கதை நின்னுடுது. கதவத் தட்டினானா, திரும்பிட்டானா? என் புத்திக்கு எட்டல. நீங்க சொல்லுங்க."

தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சுருக்கத்தின் கடைசி வரி நினைவிருந்தது.

"அது உறவு முறியறதப் பத்தின நாவல்ணே. கசப்போடதான் முடியுது. கடைசி வரைக்கும் அவங்க சேரல."

இருளப்பன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "அப்படியா... யுனிவர்சிட்டி பிள்ளைங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். புத்தகத்தை இரு கையாலும் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது வெள்ளைச் சட்டை இல்லை. பழைய நீலச் சட்டை. லோரியில் ஏறிக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வேலம்மா பதறியடித்து ஓடி வந்தாள். "ஏன் லோரிய எடுக்கிறான்? இன்னிக்கு லீவு சொல்லியிருந்தானே! கோலா தெர்லாவுல இருக்கிற தம்பி வீரப்பன் வீட்டுக்குப் போறதா இருந்தான்."

"தம்பி வீட்டுக்கா?"

"ஆறு வருசமாப் பேச்சு இல்ல தங்கச்சி. அப்பா செத்தன்னிக்கு மழையில மண்ணு சரிஞ்சு ரோட்டு மூடிப்போச்சு. தம்பி அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டான். இவன் காத்திருக்காம எரிச்சுட்டான். அப்பா மொகத்தக் கூட அவன் பார்க்கல. இந்தப் புஸ்தகத்தப் படிச்சதுலேருந்து, போய்ப் பார்த்துடறேங்கா, பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். நீ என்ன சொன்ன?"

புவனேஸ் திரும்பி நடந்தாள். மண்டபத்துக்குப் போய் இருளப்பன் கொடுத்த பிரதியைத் திறந்தாள்.

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. முப்பதாவது பக்கத்தில் அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். எழுபதாவது பக்கத்தில், ஒரே வீட்டுக்குள் அண்ணன் தம்பி சுவர் எழுப்பும் இடத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நூற்றுச் சொச்சம் பக்கம்தான். மூன்று மணி நேரம் ஆனது. கடைசிப் பக்கத்தில் அண்ணன் மூடிய கதவின் முன்னால் நிற்கிறான். உள்ளே தம்பி தன் மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிறான். கூப்பிடுவது அண்ணனின் பெயரைச் சொல்லி. அண்ணன் கையைத் தூக்குகிறான். அவ்வளவுதான்.

கசப்பு எங்கே இருக்கிறது இதில்? அவள் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருளப்பன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். அந்தப் புஸ்தகத்த நான் படிக்கவே இல்ல. போன்ல வந்தத அப்படியே சொல்லிட்டேன். இப்பத்தான் படிச்சு முடிச்சேன்."

அவர் மூட்டையை இறக்கி வைத்தார். "படிக்காமலா நாப்பது பேரு பஸ் பிடிச்சு வந்தீங்க?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, வெறும் ஆச்சரியம்தான். அதுதான் அவளைச் சுட்டது.

"சரி, இப்பப் படிச்சிட்டல்ல. நீ சொல்லு. தட்டியிருப்பானா?"

"அத எழுதலண்ணே. எனக்கும் தெரியாது. ஆனா, வெறுக்கிறவன் பெத்த பிள்ளைக்கு அண்ணன் பேர வைப்பானா?"

"அதத்தான் நானும் நெனச்சேன்." இருளப்பனின் முகம் லேசாக மலர்ந்தது. "ஆனா என் தம்பிக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்களாச்சே!"

தலைகுனிந்து நின்றவள் சிரித்துவிட்டாள்.

நாலு மணிக்கு மண்டபம் நிறைந்தது. தோட்டத்துக்காரர்கள் ஒரு பக்கம், ஸ்ட்ராபெரிப் பைகளோடு மாணவர்கள் மறுபக்கம். இருளப்பனும் வந்து கதவோரம் உட்கார்ந்தார். புவனேஸ் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"செயலாளரா இருந்துக்கிட்டு இந்த நாவல இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நான் படிக்கல. என்னோட பஸ்ல வந்த யாரும் படிக்கல."

"ஏய், வருகையெல்லாம் பதிஞ்சாச்சு, விடு லா" என்று கிசுகிசுத்தான் டொமினிக்.

"விட முடியாது டொமினிக். இப்ப கடைசி அத்தியாயத்தையாவது வாசிக்கலாம், கேளுங்க."

"ஐயோ, நான் இன்னும் அங்க வரல!" என்று வேலம்மா காதைப் பொத்திக்கொள்ள, மண்டபம் அதிர்ந்தது. ஆனால் வாசிப்பு தொடங்கிய பிறகு யாரும் சிரிக்கவில்லை. பாதியிலேயே வேலம்மா கையை எடுத்துவிட்டாள்.

முடித்ததும் மாணவி ஒருத்தி எழுந்து, "அவன் தட்டமாட்டான், ரோஷக்காரன்" என்றாள். "பேரக் கேட்ட பிறகு எவன்மா திரும்புவான்?" என்றார் தோட்டத்துக்காரர் ஒருவர். நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கிளம்பின. மெரிட்டுக்காக வந்தவர்கள் பக்கத்தைப் புரட்டிக் காட்டிச் சண்டை போட்டார்கள். டொமினிக்கே எழுந்து, "சுவரு கட்டுற இடத்த முதல்ல படிங்க" என்று கத்தினான். எப்போது படித்தானோ!

"அப்ப எது சரியான பதிலு?" என்று கேட்டான் பின்வரிசைப் பையன்.

"தெரியாது" என்றாள் புவனேஸ். "ஆனா ஒன்னு தெரிஞ்சுக்கிட்டேன். படிக்காத புஸ்தகத்தப் பத்திப் பேசறது, பார்க்காத ஒன்னுக்குச் சாட்சி சொல்ற மாதிரி. நமக்கு அது ஒரு நிகழ்ச்சி, நாலு புள்ளி. அத நம்பி ஒரு மனுஷன் தன் வாழ்க்கையில ஒரு முடிவெடுத்துடலாம். இலக்கியத்த நாமே படிக்கணும். நமக்குப் பதிலா வேற யாரும் படிக்க முடியாது."

கதவோரம் இருந்த இருளப்பன் எழுந்தார். நீலச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க பேசிக்கிட்டிருங்க பிள்ளைங்களா. நான் கோலா தெர்லா வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."